மூன்றாவது பெட்டிச் சோழிகள்

பிப்ரவரி 9

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. நாங்கள் இருவரும் இருக்கிறோம். ‘சுகமாக’ என்று சேர்த்து எழுத வந்தேன், கை நின்றுவிட்டது. உன் உடம்பு எப்படி? அந்த மாடி அறையில் இன்னும் வெயில் நேராகத் தலையில் இறங்குகிறதா?

இவள் ஏன் போன் போடாமல் தபாலில் வருகிறாள் என்று உனக்குத் திக்கென்று இருக்கும். போன் என்னிடம் இல்லை. கடையிலிருந்து அதையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

போன வாரம் ஒரு மத்தியானம், வாசல் திரைக்குச் சோழி கோத்துக்கொண்டிருந்தேன். கடல் காப்பு ஆபீஸிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். கட்டம் போட்ட சட்டைக்காரர் அதிகாரி. மற்ற இருவரும் தூக்குவதற்கு.

“இது என்ன சோழிம்மா?” என்றார்.

“குருணைச் சோழி சார். முதுகுல நொய்யரிசி ஒட்டின மாதிரி இருக்கில்ல, அதான் அந்தப் பேரு.”

“இதுலயே தடை செஞ்ச இனம் ஒண்ணு இருக்கு, தெரியுமா?”

“நான் சோழி கோக்கிறவ சார். அதுங்களுக்கு ஜாதகம் பார்க்கிறவ இல்லை.”

மனிதர் சிரிக்கவில்லை. மூன்று பெட்டிச் சோழியையும் கட்டி, அரக்கு வைத்து எடுத்துக்கொண்டார். கடைக்கும் பூட்டு. தடை இனம் என்று தெரிந்தால் உரிமம் போய்விடுமாம், உள்ளே வைக்கவும் சட்டத்தில் இடம் இருக்கிறதாம். யாரோ ஒரு நிபுணர் பார்த்து எழுதித் தரும்வரை நான் காத்திருக்க வேண்டுமாம்.

உன் அத்தான் அன்றிலிருந்து சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். வாரத்துக்கு இரண்டு நாள் டயாலிசிஸ், மறுநாள் எல்லாம் அசதி. இப்போது வாய்க்கும் பூட்டு விழுந்துவிட்டது.

தையல் பெட்டிக்குள் தப்பிக் கிடந்த ஒன்றைப் பஞ்சில் சுற்றி அனுப்புகிறேன். முதல் பெட்டியில் இருந்தது. மியூசியத்தில் உட்கார்ந்து நத்தைக் கூட்டைத்தானே இத்தனை வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாய்? இது எது என்று சொல்லு.

சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே.

அக்கா


பிப்ரவரி 17

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். நான் நலம். வெயில் இன்னும் தலையில்தான் இறங்குகிறது, தலைதான் பழகிவிட்டது. அத்தானை மிகவும் விசாரித்தேன் என்று சொல். தண்ணீர் அளவாகக் குடிக்கிறாரா?

முதலில் நல்ல செய்தி. நீ அனுப்பியது தடையில்லாத இனம். கவலையை விடு.

குருணைச் சோழி என்று நீங்கள் ஒரே பெயரில் அழைப்பது அசலில் இரண்டு இனம். கூடப் பிறந்ததுகள் மாதிரி இருக்கும். இரண்டும் கல்லுக்கடியில் வாழும். உயிரோடு இருக்கும்போது தன் சதையையே போர்வை மாதிரி ஓட்டின் மேல் இழுத்துப் போர்த்திக்கொள்ளும். அதனால்தான் சோழிக்கு அந்த மினுமினுப்பு. முதுகை வைத்து அடையாளம் சொல்வது கடினம். தடை இனம் சற்றுப் பெரிது, குருணையும் குறைவு என்பார்கள். ஆனால் அதை நம்பி எழுத முடியாது.

திருப்பிப் போட வேண்டும். வயிற்றுப் பக்கம் நீளமாக ஒரு வாய் இருக்கிறதல்லவா, அதன் இரு பக்கமும் சீப்புப் பல் மாதிரிக் கோடுகள். அந்தக் கோடுகள் வயிறு முழுக்க ஓடி விளிம்பைத் தொட்டால் தடையில்லை. பாதியிலேயே நின்றுவிட்டால் தடை இனம். அவ்வளவுதான் வித்தியாசம். உன் சோழியில் நகத்தால் வருடிப் பார்த்தேன். விளிம்பு வரை ஒவ்வொரு கோடும் தட்டுப்பட்டது.

ஆனாலும் ஒரு சோழி மூன்று பெட்டிக்கும் சாட்சி சொல்லாது. அதை நினைவில் வை.

உன் கடிதத்தை ஜன்னலுக்குக் கொண்டுபோய்த்தான் படிக்க முடிந்தது. எறும்பு ஊர்ந்த மாதிரி எழுதியிருக்கிறாய். அடுத்த தடவை கறுப்பு மையில், கொஞ்சம் பெரிதாக எழுது.

அத்தான் சீக்கிரம் பேசுவார். பேசியபின், ஏன் பேசினார் என்று நீதான் அலுத்துக்கொள்வாய்.

அன்புடன்,
தம்பி


பிப்ரவரி 26

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. வயிற்றில் பால் வார்த்தாய். நீ நன்றாக இருக்க வேண்டும். இங்கே இருவரும் அப்படி இப்படி என்று ஓட்டுகிறோம். நீ கேட்டபடி பெரிதாக எழுதியிருக்கிறேன், பார். என் கையெழுத்து என்னவோ எப்போதும் போலத்தான் இருக்கிறது.

கடிதத்தை எடுத்துக்கொண்டு நேரே கடல் காப்பு ஆபீஸுக்குப் போனேன். மூன்று மாடி. கட்டம் போட்ட சட்டைக்காரர் அன்று கோடு போட்ட சட்டையில் இருந்தார்.

“என் தம்பி மியூசியத்துல இருக்கான் சார். அவன் பார்த்துட்டான். தடை இல்லைன்னு எழுதியே அனுப்பியிருக்கான்” என்றேன்.

“மியூசியத்துலயா? சோழிப் பிரிவுலயா?”

“அவனே ஒரு பிரிவுதான் சார். அங்கே வேற யாரும் கிடையாது.”

பேர் கேட்டார், சொன்னேன். எழுதிக்கொண்டார். முகத்தில் ஒரு மாதிரி மரியாதை வந்தது. எனக்கும் நிமிர்ந்து நடக்கத் தோன்றியது, மூன்று மாடி இறங்கும்போது முழங்கால் கூட வலிக்கவில்லை.

வீட்டுக்கு வந்து உன் அத்தானிடம் சொன்னேன். “எல்லாப் பெட்டியையுமா பார்த்தான்?” என்று கேட்டார். அத்தனை நாளைக்குப் பிறகு வாயைத் திறந்து கேட்டது அது ஒன்றுதான். “ஒன்றைப் பார்த்தால் போதாதா” என்றேன். மறுபடி சுவர்.

கடை திறந்ததும் உனக்கு ஒரு சோழி விளக்கு செய்து அனுப்புகிறேன். வேண்டாம் என்று சொல்லாதே.

அக்கா


மார்ச் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நலமறிய ஆவல்.

பதில் தாமதமாகிவிட்டது. வேலை அதிகம். இனி எந்த அதிகாரியிடமும் என் பெயரைச் சொல்ல வேண்டாம். நான் எழுதியதைக் காட்டவும் வேண்டாம். சோழி எதுவும் அனுப்பாதே. விளக்கும் வேண்டாம். இந்த விஷயம் தவிர மற்றதெல்லாம் எழுது.

அத்தானின் உடல்நிலை எப்படி?

தம்பி


மார்ச் 28

தம்பிக்கு,

நீ கேட்டதால் சொல்கிறேன், அத்தானின் உடல்நிலை அப்படியேதான் இருக்கிறது. உன் நலத்துக்கும் குறைவிருக்காது என்று நம்புகிறேன். இப்படி எழுதினால் போதுமா? மின்சார ஆபீஸிலிருந்து வரும் கடிதம் கூட இதைவிடச் சூடாக இருக்கும்.

நான் என்ன தப்புச் செய்தேன்? தம்பி இருக்கிறான் என்று நாலு பேரிடம் சொல்வது குற்றமா? உன்னைத் தூக்கி வளர்த்தேன் என்று பல்லவி பாட மாட்டேன், நமக்குள் மூன்று வயதுதான் வித்தியாசம், உன்னைத் தூக்கக் கூட என்னால் முடிந்ததில்லை. ஆனாலும் மூன்றாம் மனுஷிக்கு எழுதுவது மாதிரி ஒரு கடிதமா? இரண்டு தடவை படித்துவிட்டு மடித்து வைத்துவிட்டேன். அவரிடம் படித்துக் காட்டவில்லை. “தம்பி என்ன எழுதியிருக்கான்?” என்றார். “வெயில் அதிகமாம்” என்றேன்.

‘மற்றதெல்லாம்’ எழுதச் சொன்னாய். எழுதுகிறேன். இறால் உரிக்கும் கொட்டகையில் வேலைக்குச் சேர்ந்திருக்கிறேன். காலை முழுக்க ஐஸ் தண்ணீரில் கை. முதல் நாள் விரல் நுனி மரத்தது, இரண்டாம் நாள் வீங்கியது, இப்போது அதற்கும் அலுத்துப்போய்விட்டது. பக்கத்தில் உட்காரும் அம்மா பேசிக்கொண்டே தூங்குவாள், தூங்கிக்கொண்டே உரிப்பாள். அதைப் பார்த்து நானும் கற்றுக்கொண்டிருக்கிறேன். டயாலிசிஸ் நாளில் மட்டும் மத்தியானத்துக்கு மேல் விடுப்பு. அவர் ஊசி குத்தும் கையை நீட்டிப் படுத்திருக்க, நான் நாற்காலியில் தூங்கிவிடுகிறேன். நர்ஸ் வந்து, “யாருக்குங்க உடம்பு சரியில்லை, அவருக்கா உங்களுக்கா?” என்று கேட்கிறாள்.

வேறு எழுத இல்லை. பெரிய எழுத்தில்தான் எழுதியிருக்கிறேன்.

அக்கா


ஏப்ரல் 8

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கோபம் நியாயம். உன் விரல்களைப் பற்றிப் படித்ததிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. வெந்நீரில் உப்புப் போட்டுக் கையை வைத்துக்கொள்.

சொல்லாமல் இருக்க முடியவில்லை, சொல்கிறேன். அந்த மூன்று பெட்டிகளும் என் மேசை மேல் இருக்கின்றன.

மார்ச் முதல் வாரம் வந்தன. வழக்கமாக வருவது போல, பொதி, அரக்கு, வழக்கு எண். பிரித்து உள்ளே இருந்த காகிதத்தைப் பார்த்தால் உன் கடையின் பெயர். அப்பா உனக்கு வைத்த பெயரையே கடைக்கும் வைத்தாயே, அதை அரசாங்க மையில் பார்த்தேன். ‘நிபுணர் கருத்து தேவை’ என்று கீழே. அந்த நிபுணர் நான்தான். இந்த வட்டாரத்தில் சோழி பார்த்து எழுத வேறு ஆள் இல்லை, எனக்கு முன் இருந்த மேடம் ஓய்வு பெற்றுவிட்டார்.

அன்றே மேலதிகாரியிடம் போய், இது என் அக்காவின் வழக்கு, நான் தொடக் கூடாது என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. முதலில் பார்த்துவிடுவோம், எல்லாம் சரியாக இருந்தால் யாருக்கும் சங்கடம் இல்லை என்று நினைத்தேன். நீ என் பேரை ஆபீஸில் சொல்லியிருந்தது வேறு பயமாக இருந்தது.

பார்த்தேன். முதல் பெட்டி தடையில்லாதது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது பெட்டியில் கை நின்றுவிட்டது. அளவு பெரிது. முதுகில் குருணை இருக்கிறதா இல்லையா என்று தேட வேண்டியிருக்கிறது. நகத்தால் வருடினால் வழவழவென்று போகிறது. லென்ஸில் வைத்துப் பார்த்தேன். கோடு பாதியில் நிற்கிறது. ஒன்றில் இல்லை, எடுத்ததில் எல்லாம்.

அக்கா, மூன்றாவது பெட்டி எங்கிருந்து வந்தது? யாரிடம் வாங்கினாய்? இது ஒன்றுக்கு மட்டும் பதில் எழுது.

தம்பி


ஏப்ரல் 16

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நீ சொன்னபடி வெந்நீரில் கை வைத்தேன், கொஞ்சம் தேவலை. உனக்குச் சாப்பாடு இறங்கவில்லை என்று எழுதியிருந்தாய். கஞ்சியாவது குடி.

இங்கே எதிர்பாராத மழை. கொட்டகைக் கூரை ஒழுகுகிறது. ஐஸ் தண்ணீர் மேலேயிருந்தும் வருகிறது, கீழேயிருந்தும் வருகிறது. பக்கத்து அம்மாவுக்குக் காய்ச்சல், அவள் பங்கையும் நான் உரித்தேன். உன் அத்தானுக்குக் கால் வீக்கம் அதிகமாகிவிட்டது. செருப்பு நுழையவில்லை. டாக்டர் அம்மா தண்ணீர் அளவை இன்னும் குறைத்துவிட்டார். ஒரு டம்ளரை எதிரே வைத்துக்கொண்டு, குடிக்காமல் பார்த்துக்கொண்டே இருப்பார். நான் சமையலறைக்குப் போய் மறைவாகக் குடித்துவிட்டு வருவேன். கதவுப் பூட்டு துருப்பிடித்துவிட்டதா என்று கடைப்பக்கம் போய்ப் பார்த்தேன். பிடித்திருக்கிறது.

தம்பி, நான் உன்னிடம் இதுவரை எதுவும் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். பெட்டி உன் மேசையில்தானே இருக்கிறது? ஒரு வரி எழுது. மூன்று பெட்டியும் ஒன்றுதான் என்று ஒரே ஒரு வரி. அந்தச் சோழிகளுக்கும் ஒன்றும் ஆகப்போவதில்லை, அதுகள் எப்போதோ செத்துப்போனவை. உயிரோடு இருப்பவர்கள் நாங்கள்தான்.

எனக்குச் சுற்றி வளைக்கத் தெம்பில்லை.

அக்கா


மே 30

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். இருவரும் நலமாக இருக்க வேண்டும் என்ற நினைப்பு மட்டும் குறையவில்லை, எழுதத்தான் முடியவில்லை. ஆறு வாரம் உன் கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். ஒரு நாள் அந்த வரியை எழுதியும் பார்த்தேன். தட்டச்சு செய்து, கையெழுத்துப் போடும் இடம் வரை வந்து, எழுந்து போய்க் கை கழுவிவிட்டு வந்து கிழித்துப் போட்டேன்.

மேலதிகாரியிடம் போனேன்.

“சார், இது என் அக்கா கடைக் கேஸ்.”

அவர் கண்ணாடியைக் கழற்றினார். “கூடப் பிறந்த அக்காவா?”

“ஆமாம் சார்.”

“இதை நீங்க பெட்டி வந்த அன்னிக்கே சொல்லியிருக்கணும்.”

“ஆமாம் சார்.”

“திறந்தாச்சா?”

“திறந்து பார்த்துட்டேன் சார்.”

“அப்புறம் என்னத்துக்கு இப்போ வந்து சொல்றீங்க? மனசு கேக்கலையா?”

“எழுத முடியலை சார். இப்படியும் எழுத முடியலை, அப்படியும் எழுத முடியலை.”

விளக்கம் கேட்டு ஓலை வந்திருக்கிறது, வரட்டும். பெட்டிகளை ஓய்வு பெற்ற மேடத்திடம் கொடுக்க முடிவு செய்திருக்கிறார்கள். அவர் யாருக்கும் ஒரு வார்த்தை கூட்டியும் எழுத மாட்டார், குறைத்தும் எழுத மாட்டார். அடுத்த மாதம் வருவார்.

நான் கேட்ட ஒரு கேள்விக்கு நீ பதில் எழுதவில்லை. மழையைப் பற்றி எழுதினாய், பூட்டைப் பற்றி எழுதினாய். எழுதாமல் விட்டதைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். தெரிந்தே வாங்கினாயா அக்கா? அத்தானின் மருந்துக்காக என்றால் கூட என்னிடம் சொல்லியிருக்கலாமே.

கோபித்துக்கொள். எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

தம்பி


ஜூன் 9

தம்பிக்கு,

நீ நலமா என்று கேட்கும் நிலையில் இன்று நான் இல்லை. ஆனாலும் கேட்டுவிட்டேன் என்று வைத்துக்கொள்.

நீ எழுதியதை உன் அத்தான் படித்துவிட்டார். டீத்தூள் டப்பாவுக்கு அடியில் வைத்திருந்தேன். எனக்கு டீ போட்டு வைக்கலாம் என்று சமையலறைக்குப் போயிருக்கிறார். கல்யாணம் ஆனதிலிருந்து அந்த மனிதர் அடுப்பு பற்ற வைத்ததில்லை. அன்றைக்குப் பார்த்து அந்த ஆசை.

நான் கொட்டகையிலிருந்து வந்தால் ஆள் இல்லை. அந்தக் காலை வைத்துக்கொண்டு பஸ் ஏறி, கடல் காப்பு ஆபீஸின் மூன்று மாடியும் ஏறிப் போயிருக்கிறார். நான் மூச்சிரைக்கப் போய்ச் சேரும்போது கட்டம் போட்ட சட்டைக்காரருக்கு எதிரே உட்கார்ந்திருந்தார்.

“மூணாவது பெட்டியை நான்தான் வாங்கினேன். தடை இனம்னு தெரிஞ்சேதான் வாங்கினேன். உனக்கு ஒண்ணும் தெரியாது. அப்படித்தான் எழுதிக் கொடுத்துட்டேன்” என்றார் உன் அத்தான் என்னைப் பார்த்து. கையெழுத்து ஆகிவிட்டது. அந்த அதிகாரி பாவம், தண்ணீர் கொண்டுவரச் சொல்லியிருந்தார். இவர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, “எனக்கு அளவு முடிஞ்சுது சார்” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

உன் கேள்விக்குப் பதில் கேட்டாயே, இதுதான். உடம்பு விழுந்த பிறகு கடைக்கு என்று அவர் வாங்கி வந்த ஒரே சரக்கு அது. படகுத்துறையில் யாரோ ஒருவனிடம் பெரிய பெரிய சோழியாக வாங்கிக்கொண்டு வந்து குழந்தை மாதிரி என் முன்னால் கொட்டினார். மேலெல்லாம் சுண்ணாம்பு படிந்து அழுக்காக இருந்தது. ஆசிட் தண்ணீரில் முக்கி முக்கி எடுத்து நான்தான் பாலீஷ் போட்டேன். ரெய்டுக்குப் பிறகு அந்த ஆளைத் துறையில் காணோம். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அவருக்கும் வந்திருக்கிறது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நாலு மாதம் ஓட்டினோம். உனக்கு எப்படி எழுதுவேன்? அவர் பேரை எழுதினால் நீ அதைக் கோப்பில் எழுத வேண்டியிருக்கும்.

தெரிந்தே வாங்கினேன் என்று அவர் சொன்னது பொய். அவருக்கு ஒரு சோழிக்கும் இன்னொரு சோழிக்கும் வித்தியாசம் தெரியாது. என்னைக் காப்பாற்றச் சொன்னது.

வரும் வழியில் பஸ்ஸில் திட்டினேன். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குத் திட்டினேன். பிறகு அவர் தோளிலேயே தூங்கிவிட்டேன்.

இப்போது போதுமா தம்பி?

அக்கா


ஜூலை 2

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்,

முதல் முறையாக இருவருக்கும் சேர்த்து எழுதுகிறேன். அத்தானின் கால் வீக்கம் இறங்கியதா? இந்தக் கடிதத்தை டப்பாவுக்கு அடியில் வைக்க வேண்டாம், அவருக்கே படித்துக் காட்டு.

மேடம் வந்தார். நான் அறையில் இருக்கக் கூடாது என்றேன். “உங்க முன்னாடிதான் பார்ப்பேன், வாயை மட்டும் மூடிக்கோங்க” என்றார். முதல் இரண்டு பெட்டியை முடித்தார். மூன்றாவதில் ஒன்றை எடுத்துப் பார்த்தார். இன்னொன்று. பிறகு அதை என் பக்கம் நீட்டினார்.

“உங்க குறிப்பில கோடு பாதியில நிக்குதுன்னு இருக்கே. எங்கே நிக்குது, காட்டுங்க.”

லென்ஸில் வைத்துக் காட்டினேன். “இங்கே மேடம்.”

விளக்கைச் சாய்த்து வைத்தார். “இப்போ?”

“அதே இடம்தான் மேடம்.”

மேடம் பென்சில் முனையைச் சுரண்டி, அந்தத் தூளைப் பஞ்சால் சோழியின் வயிற்றில் தடவி, மேலாகத் துடைத்தார். தூள் பள்ளத்தில் மட்டும் தங்கியது. சோழியை என் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்தார். கறுப்புக் கோடுகள் வாயிலிருந்து புறப்பட்டு, வயிறு முழுக்க ஓடி, விளிம்பு வரை போயிருந்தன. ஒன்றில் இல்லை அக்கா, எடுத்ததில் எல்லாம்.

“ஆசிட்ல போட்டுத் தேய்ச்சிருக்காங்க. குருணையும் போச்சு, கோடும் தேய்ஞ்சு போச்சு. ஆனா இருக்கு. நல்லாத் தின்னு வளர்ந்த சோழி, அதான் பெரிசு. தடையெல்லாம் ஒண்ணும் இல்லை” என்றார். பிறகு என்னைத் திருப்பி நிறுத்தி, “இடது கண்ணை மூடிக்கிட்டு அந்தக் காலண்டர்ல என்ன தேதின்னு படிங்க” என்றார். காலண்டர் இருப்பது தெரிந்தது. தேதி தெரியவில்லை. வலது கண்ணை மூடச் சொன்னார். அதிலும் பெரிய வித்தியாசம் இல்லை.

“எத்தனை நாளா?”

“ரெண்டு வருஷம் இருக்கும் மேடம்.”

இரண்டு கண்ணிலும் புரை. உன்னிடம் கூடச் சொல்லவில்லை. கண்தான் என் வேலை. கண் இல்லை என்றால் அந்த மேசை எனக்கு இல்லை. இன்னும் கொஞ்சம் முற்றட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். நகம் இருக்கும்வரை பிழைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். தேய்ந்த சோழியில் நகத்துக்கும் வேலை இல்லாமல் போய்விட்டது.

மூன்றாவது பெட்டி எங்கிருந்து வந்தது என்று உன்னைக் கேட்டேன். கேட்டவன் தன் கண் தெரியவில்லை என்பதைச் சொல்லவில்லை. அன்று நான் நேர்மையாகக் கையெழுத்துப் போட்டிருந்தால் உன்னையோ அத்தானையோ உள்ளே அனுப்பியிருப்பேன், நிம்மதியாகத் தூங்கியும் இருப்பேன்.

இந்த இரண்டு வருஷத்தில் பாலீஷ் போட்ட சோழியைப் பார்த்து நான் எழுதிய எல்லா வழக்கையும் மறுபடி பார்க்க வேண்டும் என்று நானே எழுதிக் கொடுத்துவிட்டேன். மேடம் பார்க்க ஒப்புக்கொண்டார். என்னைக் காலவரையில்லாத விடுப்பில் அனுப்பியிருக்கிறார்கள். திரும்பக் கூப்பிடுவார்களா என்று தெரியாது.

அத்தான், உங்களை நான் கேட்க வேண்டிய மன்னிப்பு பெரியது. நேரில் கேட்கிறேன்.

தம்பி


ஜூலை 15

அன்புத் தம்பிக்கு,

உன் அக்காவும் அத்தானும் எழுதிக்கொள்வது. அவர் பக்கத்தில் உட்கார்ந்து, நான் என்ன எழுதுகிறேன் என்று எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். கால் வீக்கம் இறங்கிவிட்டது. செருப்பு நுழைகிறது.

ரிப்போர்ட் வந்துவிட்டது என்று கூப்பிட்டு அனுப்பினார்கள். போனோம். கட்டம் போட்ட சட்டைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“அம்மா, நிபுணர் தடை இல்லைங்கிறாங்க. உங்க வீட்டுக்காரர் தடைதான், தெரிஞ்சே வாங்கினேன்னு கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கார். குற்றமே நடக்காத கேஸ்ல ஒப்புதல் வாக்குமூலம் இருக்கு. இதை எந்தக் கோப்புல நான் வைக்கிறது?”

உன் அத்தான் சொன்னார்: “ரிப்போர்ட்டை நம்புங்க சார். நான் சொல்லி எது சரியா இருந்திருக்கு? இவளைக் கேட்டுப் பாருங்க.”

அந்த மனிதர் முதல் தடவையாகச் சிரித்தார். சிரித்து, கண்ணைத் துடைத்து, உள்ளே போய்ப் பெரிய அதிகாரியிடம் அரைமணி நேரம் பேசிவிட்டு வந்தார். உடம்பு சரியில்லாத நிலையில் கலக்கத்தில் சொன்னது என்று இன்னொரு காகிதம் எழுதச் சொன்னார். இவருக்குக் கோபம் வந்துவிட்டது. “கலக்கமா? வாழ்க்கையிலேயே அன்னிக்குத்தான் தெளிவா இருந்தேன்” என்று வாதம். கையைப் பிடித்து நான்தான் கையெழுத்துப் போட வைத்தேன்.

பூட்டை உடைக்க வேண்டியிருந்தது. உள்ளே ஈரம், திரை நூலெல்லாம் பூஞ்சை. மூன்று பெட்டியும் திரும்பி வந்துவிட்டன. மூன்றாவதைத் திறந்து அவர் ஒன்றை எடுத்து, நீ சொன்ன மாதிரித் திருப்பிப் பார்த்தார். “இந்தக் கோடு எங்கே போகுதுன்னு எனக்கு இப்பவும் தெரியலை” என்றார். எனக்கும் தெரியவில்லை, தம்பி.

நீ என்னைச் சந்தேகப்பட்டாய். நான் இவரைச் சந்தேகப்பட்டேன். இவர் தன்னையே சந்தேகப்பட்டு மூன்று மாடி ஏறினார். யார் யாரிடம் மன்னிப்புக் கேட்பது என்று கணக்குப் போட ஆரம்பித்தால் நமக்கு வேறு வேலை நடக்காது. விடு. பழைய வழக்குகளை மறுபடி பார்க்கச் சொன்னாயே, அதுதான் பெரிய காரியம். அந்த வீடுகளிலும் யாராவது சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

உன் கண்ணுக்கு வருவோம். இவருக்கு டயாலிசிஸ் செய்கிற ஆஸ்பத்திரியிலேயே கண் டாக்டரும் இருக்கிறார். கேட்டுவிட்டேன். ஒரு கண்ணுக்கு ஆபரேஷன் முடிந்து ஒரு மாதம் கழித்து இன்னொன்றுக்கு. அந்த மாடி அறையில் தனியாகக் கிடந்து சொட்டு மருந்து விட்டுக்கொள்ள முடியாது. பெட்டியைக் கட்டிக்கொண்டு இங்கே வா. ஒரே கட்டிடத்தில் நீங்கள் இருவரும் ஆளுக்கொரு மாடியில் படுத்துக்கொள்ளுங்கள், நான் படியேறி இறங்கிப் பழகிவிட்டேன்.

கடை திறந்த அன்று தெருவில் எல்லாரும் வந்தார்கள். “இப்போ சந்தோஷம்தானே?” என்று ஒவ்வொருவராகக் கேட்டார்கள். ஆமாம் என்றேன். ஆனால் தம்பி, உண்மையைச் சொன்னால், எனக்கு அசதியாக மட்டும்தான் இருக்கிறது. சந்தோஷப்பட உடம்பில் தெம்பில்லை. இன்றைக்குத் தூங்கிவிடுகிறேன். சந்தோஷப்படுவதை நீ வந்த பிறகு மூன்று பேருமாகப் பார்த்துக்கொள்ளலாம்.

அக்கா